ரெண்டு வருஷம் இங்க, ரெண்டு வருஷம் அங்க: வாசகர் கேள்வி-பதில்

போன இதழ்ல வேற ஒரு பதிலுக்கு நடுவுல, அமெரிக்காவுல கம்யூனிட்டி காலேஜ்ல (ரெண்டு வருஷப் படிப்பு தர்ற உள்ளூர் அரசு காலேஜ்) ரெண்டு வருஷம் படிச்சுட்டு ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கு மாறுறது நல்ல வழிதான், ஆனா மாறுற இடத்துலதான் நிறைய பிள்ளைங்க தடுக்கி விழுறாங்கன்னு ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு நினைக்கல. நானும் பதினாலு வருஷம் ஒரு கம்யூனிட்டி காலேஜ் ட்ரான்ஸ்ஃபர் ஆபீஸ்ல வேலை பாத்தவ, இதைப் பத்தி பேச எனக்கு நிறைய இருக்கு. அதனால இந்த தடவை மொத்தப் பக்கமும் இதுக்கே.

கேள்வி: அக்கா, என் பையன் இந்த வருஷம் ஹைஸ்கூல் முடிச்சான். யூசியில (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) கேட்ட கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைக்கல. கம்யூனிட்டி காலேஜ் போய் ரெண்டு வருஷத்துல மாறிக்கிறேன்னு சொல்றான். அவங்க அப்பாவுக்கு மனசே ஆறல, சொந்தக்காரங்ககிட்ட சொல்லக்கூட கூச்சப்படுறார். நிஜமாவே மாற முடியுமா, இல்ல அங்கேயே மாட்டிக்குவானா?
– ஒரு அம்மா, ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

பதில்: முதல்ல அவங்க அப்பாகிட்ட இதை சொல்லுங்கம்மா. கலிஃபோர்னியாவுல 1960ல மாஸ்டர் ப்ளான்னு ஒண்ணு போட்டப்பவே, கம்யூனிட்டி காலேஜ்லேர்ந்து யூசிக்கும் சிஎஸ்யூவுக்கும் (கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி) பிள்ளைங்க மேல ஏறி வரணும்னு சேர்த்தேதான் திட்டம் போட்டாங்க. இன்னைக்கும் யூசி, நேரா சேர்ற ரெண்டு பேருக்கு ஒரு ட்ரான்ஸ்ஃபர் ஸ்டூடன்ட்ங்கிற கணக்கைத்தான் குறியா வெச்சிருக்கு, அதுலயும் கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் பிள்ளைங்களுக்குத்தான் முன்னுரிமை. கம்யூனிட்டி காலேஜ் ஃபீஸும் உள்ளூர் பிள்ளைங்களுக்கு யூனிட்டுக்கு (பாடத்தோட அளவு, கிரெடிட்னும் சொல்வாங்க) 46 டாலர்தான். இதுல கூச்சப்பட ஒண்ணுமே இல்ல.

மாட்டிக்குவானான்னு கேட்டீங்க பாருங்க, அது நியாயமான பயம். அதுக்கு எனக்கு தெரிஞ்ச ஒரே மருந்து, எங்க போய் சேரணும்னு முதல்ல முடிவு பண்ணிட்டு அங்கருந்து பின்னாடி வந்து பாடம் எடுக்கறது. எல்லாரும் தலைகீழா பண்றாங்க, முதல் செமஸ்டர் ஏதோ நாலு பாடம் எடுப்போம், கிரெடிட் சேரட்டும், ரெண்டாவது வருஷம் எங்க போறதுன்னு யோசிச்சுக்கலாம்னு.

நான் வேலைக்கு சேர்ந்த புதுசுல ஒரு பொண்ணு வந்தா, மெக்கானிக்கல் எஞ்சினியரிங் போகணும்னு ஆசை, நல்ல மார்க், எல்லாத்துலயும் ஏ. பிசிக்ஸ்ல ரெண்டு செமஸ்டர் முடிச்சிருந்தா, ஆனா அது ட்ரிக்னாமெட்ரி வெச்சு நடத்துற பிசிக்ஸ், எஞ்சினியரிங்குக்கு கேக்கறது கால்குலஸ் வெச்சு நடத்துற பிசிக்ஸ். ரெண்டு பாடத்துக்கும் கேட்டலாக்ல "ட்ரான்ஸ்ஃபர் ஆகும்"னுதான் போட்டிருக்கும், அதைப் பாத்துட்டுத்தான் அவ எடுத்தா, யாரும் அவளை உக்கார வெச்சு இது உன் மேஜருக்கு (டிகிரியோட முக்கியப் பாடத்துக்கு) உதவாதும்மான்னு சொல்லல. ஒரு முழு வருஷம் போச்சு. அந்தப் பொண்ணு என் மேஜை முன்னாடி ஒண்ணும் பேசாம உக்காந்திருந்தது இன்னும் என் கண்ணுல நிக்குது.

அதான்மா விஷயம். கிரெடிட்டை ஏத்துக்கறது வேற, அது டிகிரி கணக்குல சேர்றது வேற. ஏத்துக்கிட்டேன்னு சொல்லிட்டு எலெக்டிவ்ல (விருப்பப் பாடக் கணக்குல) போட்டு வெச்சுடுவாங்க. மொத்த யூனிட் எண்ணிக்கை நிறைய தெரியும், ஆனா மேஜருக்கு வேண்டிய பாடம் மறுபடி முதல்லேர்ந்து.

கலிஃபோர்னியாவுல இதுக்கு அசிஸ்ட்னு ஒரு வெப்சைட் இருக்கு, யூசி, சிஎஸ்யூ, கம்யூனிட்டி காலேஜ் எல்லாத்துக்கும் பொதுவான அதிகாரபூர்வமான இடம், காசு கிடையாது. இந்தக் காலேஜ்ல இந்தப் பாடம் எடுத்தா அந்த யூசியில அந்த மேஜர்ல எந்தப் பாடத்துக்கு சமம்னு ஒண்ணுக்கு ஒண்ணு எதிர்ல போட்டிருப்பாங்க. பையனை இன்னைக்கே உக்காந்து பாக்க சொல்லுங்க, ஒரு கேம்பஸ் மட்டும் இல்ல, நாலஞ்சு கேம்பஸ் எடுத்து பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கணும், ஏன்னா ஒரே கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு ஒரு இடத்துல டிஸ்க்ரீட் மேத் கேப்பாங்க, இன்னொரு இடத்துல லீனியர் அல்ஜீப்ரா கேப்பாங்க. எல்லா இடத்துக்கும் பொதுவா வர்ற பாடத்தை முதல்ல எடுக்கணும். கால்குலஸ் வரிசை எப்பவும் முதல் செமஸ்டர்லயே தொடங்கணும், அது ஒண்ணு முடிச்சாதான் அடுத்தது, நடுவுல ஒரு செமஸ்டர் விட்டா ரெண்டு வருஷம் மூணு வருஷமாயிடும்.

பொதுப் பாடங்களுக்கு (எந்த மேஜரா இருந்தாலும் எல்லாரும் படிக்க வேண்டியது) கால்-கெட்சின்னு ஒரு புது பட்டியல் 2025 இலையுதிர் செமஸ்டர்லேர்ந்து வந்திருக்கு, யூசி, சிஎஸ்யூ ரெண்டுக்கும் இப்ப அது ஒண்ணுதான், மொத்தம் 34 யூனிட். ஆனா கம்ப்யூட்டர் சயன்ஸ், எஞ்சினியரிங் மாதிரி பாடம் ஜாஸ்தி இருக்குற மேஜர்னா பொதுப் பாடத்தை முடிக்கறேன்னு மேஜர் பாடத்தை தள்ளிப் போடக்கூடாது, அட்மிஷன் பாக்குறவங்க முதல்ல பாக்கறது மேஜர் பாடத்தைத்தான். யூசி சேர்க்கைக்கு 60 செமஸ்டர் யூனிட் வேணும், ஆனா கம்யூனிட்டி காலேஜ்ல எத்தனை எடுத்தாலும் 70 யூனிட் வரைக்கும்தான் யூனிட்டா எண்ணுவாங்க. அதனால சும்மா பாடம் சேர்த்துட்டே போறதுல லாபம் இல்ல.

டேக்னு ஒரு உறுதித் திட்டமும் இருக்கு. டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ் இந்த ஆறுல ஏதாவது ஒண்ணுக்கு மட்டும் போடலாம், அவங்க கேக்கற ஜிபிஏவும் (4க்கு எத்தனைன்னு போடுற மார்க் சராசரி) பாடமும் இருந்தா சீட் உறுதி. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ இதுல கிடையாது. கம்ப்யூட்டர் சயன்ஸ் மாதிரி கூட்டம் அதிகமான மேஜருக்கு சில கேம்பஸ்ல டேக் தர்றதில்ல, அதனால எந்த மேஜருக்கு இருக்குன்னு அந்தந்த வருஷம் பாத்துக்கணும். டேக் போடறது சேர்றதுக்கு முந்தின வருஷம் செப்டம்பர் 1லேர்ந்து 30க்குள்ள, அதுக்கப்புறம் நவம்பர் கடைசிக்குள்ள யூசி அப்ளிகேஷனும் தனியா போட்டாகணும், ரெண்டுல ஒண்ணு மறந்தாலும் போச்சு. யூசி கேக்கற குறைஞ்சபட்ச ஜிபிஏ 2.4ன்னு போட்டிருக்கும், அதைப் பாத்து நிம்மதியா இருந்துடாதீங்க, கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு அது பக்கத்துலகூட வராது.

சிஎஸ்யூவையும் ஒதுக்கிடாதீங்கம்மா. அசோசியேட் டிகிரி ஃபார் ட்ரான்ஸ்ஃபர்னு (மாறுறதுக்குன்னே தர்ற ரெண்டு வருஷ டிகிரி) 2010ல சட்டம் கொண்டு வந்தாங்க, அது முடிச்சா சிஎஸ்யூல எங்கயாவது ஒரு இடம் உறுதி, அங்க போய் இன்னும் 60 யூனிட்ல பேச்சிலர்ஸ் முடிக்கலாம். "எங்கயாவது"ங்கறதை கவனிங்க, நீங்க கேக்கற கேம்பஸ்தான்னு உறுதி கிடையாது.

கேள்வி: கம்யூனிட்டி காலேஜ்ல தர்ற ரெண்டு வருஷ டிகிரியில ஏஎஸ், ஏஏஎஸ் ரெண்டும் ஒண்ணுதானே? என் பொண்ணு ஏஏஎஸ்ல சேர்ந்திருக்கா, அதான் சீக்கிரம் வேலை கிடைக்கும்னு சொன்னாங்க. ஆனா இப்ப ரட்கர்ஸ் யுனிவர்சிட்டி போகணும்ங்கறா.
– எடிசன், நியூஜெர்சி

பதில்: ஒண்ணு இல்ல சார், நடுவுல இருக்குற அந்த ஒரு எழுத்துதான் எல்லாமே. ஏஏ (அசோசியேட் ஆஃப் ஆர்ட்ஸ்), ஏஎஸ் (அசோசியேட் ஆஃப் சயன்ஸ்) ரெண்டும் மேல படிக்கப் போறவங்களுக்கு. ஏஏஎஸ்ங்கறது அப்ளைட் சயன்ஸ், நேரா வேலைக்குப் போறவங்களுக்கு. உங்க ஸ்டேட்ல லாம்பிட் சட்டம்னு 2007ல வந்துது, நியூஜெர்சி கம்யூனிட்டி காலேஜ்ல ஏஏ இல்ல ஏஎஸ் முடிச்சா அங்க உள்ள அரசு யுனிவர்சிட்டி அதை முதல் ரெண்டு வருஷப் படிப்பா எடுத்துக்கணும், பொதுப் பாடம் முடிஞ்சதா கணக்கு வெச்சுக்கணும். ஏஏஎஸ்க்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அட்மிஷன் உறுதின்னும் அந்த சட்டம் சொல்லல, அதுக்கு தனியா போட்டி போட்டுத்தான் ஆகணும்.

உடனே அட்வைசரைப் பாத்து ப்ரோக்ராம் மாத்த சொல்லுங்க. ஒரு செமஸ்டர்தான் ஆகியிருக்குன்னா இங்கிலீஷ், மேத்ஸ் எல்லாம் அப்படியே இதுலயும் வரும், பெருசா நஷ்டம் இருக்காது. என்ஜே ட்ரான்ஸ்ஃபர்னு வெப்சைட் இருக்கு, மிச்சப் பாடத்தை அதுல போட்டுப் பாருங்க. மாத்தினதுக்கு அப்புறம் போர்ட்டல்ல ப்ரோக்ராம் பேரு நிஜமாவே மாறியிருக்கான்னும் பாருங்க, வாயால சொல்லி அனுப்பிட்டு சிஸ்டத்துல மாத்தாம விட்ட கதை நிறைய பாத்திருக்கேன்.

கேள்வி: என் மகள் டாலஸ் பக்கம் ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல 66 கிரெடிட் முடிச்சுட்டு யுனிவர்சிட்டிக்கு மாறினா. அவங்க 48தான் டிகிரிக்கு ஆகும்னு சொல்லிட்டாங்க. 18 கிரெடிட், ஒரு செமஸ்டருக்கு மேல வேஸ்ட். இதுக்கு ஏதாவது பண்ண முடியுமா இல்ல விட்டுடறதா?
– ஒரு அப்பா, ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்

பதில்: விட்டுடாதீங்க சார். முதல் தடவை வர்ற அந்த கணக்கு கடைசி தீர்ப்பு கிடையாது, இதை பெத்தவங்களும் பிள்ளைங்களும் தெரிஞ்சுக்கவே இல்ல. அமெரிக்க அரசாங்கத்தோட தணிக்கை அலுவலகம் 2017ல ஒரு ரிப்போர்ட் போட்டுது, 2004லேர்ந்து 2009 வரைக்கும் காலேஜ் மாறின பிள்ளைங்க சராசரியா 43 சதவீத கிரெடிட்டை இழந்திருக்காங்கன்னு. எல்லா விதமான மாறுதலும் சேர்த்த கணக்கு அது, அரசு காலேஜ்லேர்ந்து அரசு யுனிவர்சிட்டிக்குப் போறவங்களுக்கு இவ்ளோ மோசம் இல்ல. இருந்தாலும் உங்க பொண்ணுக்கு மட்டும் நடந்த அநியாயம்னு நினைச்சு அவளைத் திட்டிடாதீங்க.

முதல்ல அந்த 18ஐ ரெண்டா பிரிங்க. சுத்தமா ஏத்துக்காதது எத்தனை, ஏத்துக்கிட்டு எலெக்டிவ்ல போட்டது எத்தனை. எலெக்டிவ்ல போட்டதுன்னா டிபார்ட்மென்ட்கிட்ட போய் பேசணும், அட்மிஷன் ஆபீஸ்ல பேசி பிரயோஜனம் இல்ல, ஏன்னா இந்தப் பாடம் எங்க பாடத்துக்கு சமம்னு முடிவு பண்றது டிபார்ட்மென்ட்தான். கையில சிலபஸ் இருக்கணும், அந்த செமஸ்டரோட முழு சிலபஸ், என்ன புக்கு, எந்த வாரம் என்ன டாபிக், என்ன ப்ராஜெக்ட்னு எல்லாம் இருக்குறது. கேட்டலாக்ல இருக்குற மூணு வரி விளக்கத்தை வெச்சு யாரும் சம்மதிக்க மாட்டாங்க. லேப் இருந்த பாடம்னா லேப் ரிப்போர்ட்டும் எடுத்துட்டுப் போங்க. பழைய சிலபஸ் இல்லேன்னா அந்த ப்ரொஃபசருக்கு ஒரு மெயில் போட்டா பெரும்பாலும் அனுப்பிடுவாங்க.

டெக்சஸ்ல உங்க பக்கம் பேச சில விதிங்க இருக்கு. பொதுப் பாடம் 42 கிரெடிட், அதை கோர்னு சொல்வாங்க, அதை முழுசா முடிச்சுட்டா மொத்தமா ஒரே கட்டா யுனிவர்சிட்டி ஏத்துக்கணும், பிரிச்சு இது வேணும் இது வேணாம்னு சொல்ல முடியாது. உங்க பொண்ணோட ட்ரான்ஸ்க்ரிப்ட்ல (காலேஜ் தர்ற மார்க் பட்டியல்) கோர் முடிஞ்சதுன்னு பதிவாகியிருக்கான்னு பாருங்க. முடிச்சிருந்தும் அது பதிவாகாததாலயே பாடம் பாடமா பிரிச்சுப் பாத்து கழிச்சுடறது உண்டு. அடுத்து பாடத்தோட நம்பர். டெக்சஸ்ல பொது எண் முறை இருக்கு, மேத் 2413னா எந்தக் காலேஜ்ல எடுத்தாலும் கால்குலஸ் ஒண்ணு, அதுல ரெண்டாவது இலக்கம் 4ங்கறது நாலு கிரெடிட். அந்த பொது எண் இருக்குற பாடத்தை மறுத்தா காரணத்தை எழுத்துல கேளுங்க. அங்கயே தீரலைன்னா ஸ்டேட் உயர்கல்வி போர்டு வரைக்கும் கொண்டு போக வழி இருக்கு. பெரும்பாலும் அது வரைக்கும் போகாது, எழுத்துல கேட்டாலே மறுபடி எடுத்துப் பாப்பாங்க.

18ம் திரும்ப வரும்னு நான் சொல்ல மாட்டேன். மேஜர் மாத்தியிருந்தா சிலது நிஜமாவே உதவாது. ஆனா ஆறு, ஒம்போது கிரெடிட் வந்தாக்கூட ஒரு செமஸ்டர்ல பாதி மிச்சம் சார். ரெண்டு மூணு மெயிலும் ரெண்டு நேர்ல சந்திப்பும்தான் செலவு. ஆனா மகளே போகட்டும். நீங்க போன் பண்ணா, மாணவர் விவரம் வெளிய சொல்லக்கூடாதுன்னு விதி இருக்கு, உங்ககிட்ட பேசவே மாட்டாங்க.

கேள்வி: என் அக்கா பையன் எஃப்-1 மாணவர் விசாவுல சியாட்டில் பக்கம் கம்யூனிட்டி காலேஜ்ல இருக்கான். யுனிவர்சிட்டிக்கு மாறும்போது விசாவுக்கு ஏதும் பிரச்சினை வருமா?
– பெல்வ்யூ, வாஷிங்டன்

பதில்: விசா ஸ்டாம்ப் பிரச்சினை இல்ல, சேவிஸ் ரெக்கார்டுதான் (வெளிநாட்டு மாணவர்களைப் பத்தி அமெரிக்க அரசாங்கம் வெக்கிற பதிவு) கவனம். புது யுனிவர்சிட்டியில சீட் உறுதியானதும் பழைய காலேஜ் இன்டர்நேஷனல் ஆபீஸ்ல அந்த ரெக்கார்டை மாத்தி விட சொல்லணும், அதுக்கு ஒரு ரிலீஸ் தேதி வைப்பாங்க. அந்த தேதி வந்துட்டா பழைய காலேஜால அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது, அதனால ரெண்டு மூணு இடத்துலேர்ந்து பதில் வர வேண்டியிருந்தா அவசரப்பட்டு தேதி வெச்சுடக்கூடாது. படிப்பு முடிச்சிட்டு மாறுறதுன்னா முடிஞ்ச 60 நாளுக்குள்ள இது நடக்கணும், புது இடத்துல படிப்பு 5 மாசத்துக்குள்ள தொடங்கணும். புது ஐ-20 (மாணவர் விசாவுக்காக காலேஜ் குடுக்குற பத்திரம்) கைக்கு வராம ஊருக்குப் போயிட்டு வர்ற ப்ளான் போட வேண்டாம்.

செமஸ்டர், குவார்டர் குழப்பத்தையும் சொல்லிடறேன், இது விசா இல்லாதவங்களுக்கும்தான். வாஷிங்டன்ல குவார்டர் முறை, அங்க 90 கிரெடிட்ங்கறது செமஸ்டர் கணக்குல 60. கலிஃபோர்னியாவுல இருக்குற ஒரு சிஎஸ்யூவுக்குப் போறான்னா 90ஐ அப்படியே 90ன்னு நினைச்சுட்டு மூணாவது வருஷத்துலேயே முடிச்சுடலாம்னு கணக்குப் போட்டு ஏமாந்துடக்கூடாது, ஒன்றரை குவார்டர் கிரெடிட் சேர்ந்தாதான் ஒரு செமஸ்டர் கிரெடிட். வாஷிங்டன்லயே இருக்கான்னா டைரக்ட் ட்ரான்ஸ்ஃபர்னு ஒரு ஒப்பந்தம் இருக்கு, அந்த 90 கிரெடிட் அசோசியேட் டிகிரியோட போனா பொதுப் பாடம் முடிஞ்ச கணக்கு. எஞ்சினியரிங் போறவனுக்கு அது சரிப்படாது, அதுக்குன்னு தனியா அறிவியல் ட்ராக் வெச்சிருக்காங்க, அதை கேளுங்க. எஃப்-1ல ஒரு டெர்முக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடம்தான் முழுநேரக் கணக்குல சேரும்ங்கறதையும் அவனுக்கு ஞாபகப்படுத்துங்க.

கேள்வி: நான் ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல பகுதிநேரமா மேத்ஸ் எடுக்கறேன். என் கிளாஸ்ல முக்காவாசிப் பேர் யுனிவர்சிட்டி போகணும்னுதான் வர்றாங்க, ஆனா போய் சேர்றவங்க ரொம்ப கம்மி. பிள்ளைங்களையே குறை சொல்லிட்டு இருக்கோம், எங்க பக்கத்துலேர்ந்து என்ன பண்ணலாம்?
– நார்தர்ன் வர்ஜீனியா

பதில்: இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி சார். நீங்க சொல்ற கணக்கு தேசத்துக்கே பொருந்தும். கம்யூனிட்டி காலேஜ்ல சேர்றவங்கள்ல சுமார் 80 சதவீதம் பேர் பேச்சிலர்ஸ் வாங்கணும்ங்கறாங்க, ஆறு வருஷத்துல வாங்கறது சுமார் 16 சதவீதம். எண்பது பேர் கிளம்பி பதினாறு பேர் போய் சேர்றாங்கன்னா கோளாறு ரோட்டுலதான் இருக்கு, நடக்குறவங்ககிட்ட இல்ல. முதல் பப்ளிக் ஜூனியர் காலேஜ் (கம்யூனிட்டி காலேஜோட பழைய பேர்) இல்லினாய்ல ஜோலியட்ல 1901ல வந்ததே, யுனிவர்சிட்டியோட முதல் ரெண்டு வருஷத்தை வீட்டுப் பக்கத்துலயே படிக்கட்டும்ங்கற யோசனையிலதான். நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் அந்த ரெண்டு வருஷமும் மிச்ச ரெண்டு வருஷமும் சரியா ஒட்டலைங்கறது எனக்கு ரொம்ப வருத்தம்.

உங்க ஊர்லயே நல்ல உதாரணம் இருக்கு. நோவாவும் (நார்தர்ன் வர்ஜீனியா கம்யூனிட்டி காலேஜ்) ஜார்ஜ் மேசன் யுனிவர்சிட்டியும் சேர்ந்து 2018லேர்ந்து அட்வான்ஸ்னு ஒரு திட்டம் நடத்துறாங்க, அதுல பிள்ளை கம்யூனிட்டி காலேஜ்ல இருக்கும்போதே மேசனோட ஆளு மாதிரிதான், எந்த மேஜருக்கு எந்தப் பாடம்னு நாலு வருஷத்துக்கும் ஒரே வரைபடம், வழி சொல்ல ஒரு ஆள் ரெண்டு பக்கமும் கூடவே வர்றார். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அந்த ஒரே ஆள்ங்கறதுதான். மத்த இடத்துல எல்லாம் இங்க ஒரு அட்வைசர், அங்க ஒரு அட்வைசர், இவங்க சொன்னது அவங்களுக்குத் தெரியாது, நடுவுல நிக்கறது பத்தொம்போது வயசுப் பிள்ளை.

ஃப்ளோரிடாவைப் பாருங்க, மாநிலம் முழுக்க பாடத்துக்கு ஒரே எண், 28 ஸ்டேட் காலேஜ்ல எதுல ஏஏ முடிச்சாலும் 12 ஸ்டேட் யுனிவர்சிட்டில ஒண்ணுல இடம் உறுதி. இதுவும் கேக்கற கேம்பஸ், கேக்கற மேஜர்னு உறுதி இல்லதான். ஆனா "இந்தப் பாடம் அந்தப் பாடமா"ங்கற சண்டை ரொம்பக் குறைஞ்சுடுது.

இதெல்லாம் மேலருந்து வரணும், நம்ம கையில என்ன இருக்குன்னு கேப்பீங்க. நீங்க மேத்ஸ் எடுக்கறீங்க, முதல் கிளாஸ்லயே ஒவ்வொருத்தரும் என்ன மேஜர் போறாங்கன்னு ஒரு தாள்ல எழுதி வாங்குங்க. நர்சிங் போறவ கால்குலஸ் கிளாஸ்ல கஷ்டப்பட்டுட்டு இருப்பா, அவளுக்கு வேண்டியது ஸ்டாட்டிஸ்டிக்ஸ். எஞ்சினியரிங் போறவன் பிசினஸ் கால்குலஸ்ல உக்காந்திருப்பான், அது அவன் டிகிரி கணக்குல சேரவே சேராது. பாடம் மாத்த கடைசித் தேதி போறதுக்குள்ள அதை கவனிச்சு சொல்ல முடிஞ்ச ஒரே ஆள் நீங்கதான், ஏன்னா அட்வைசரை ஒரு வருஷமா பாக்காத பிள்ளைகூட வாரம் ரெண்டு தடவை உங்க முகத்தைப் பாக்குது. அப்புறம் உங்க சிலபஸை விரிவா எழுதி, பழசு எல்லாம் பத்திரமா வெச்சிருங்க, மூணு வருஷம் கழிச்சு ஒரு பிள்ளை கேட்டு மெயில் போடும், மேல டாலஸ் அப்பா கதையைப் படிச்சீங்கன்னா அந்த ஒரு ஃபைலோட மதிப்பு தெரியும்.

முடிஞ்சா அந்த யுனிவர்சிட்டியில அதே பாடம் எடுக்கறவங்களோட வருஷத்துக்கு ஒரு தடவை பேசுங்க. நான் வேலை பாத்த இடத்துல ரெண்டு பக்க கெமிஸ்ட்ரி ஆசிரியர்களும் ஒரு மதியம் உக்காந்து பேசினாங்க, அவங்க லேப்ல எந்த ரெண்டு சோதனையை எதிர்பாக்கறாங்கன்னு அப்பத்தான் தெரிஞ்சுது, எங்க ஆளுங்க அதை சேர்த்தாங்க, அதுக்கப்புறம் அந்தப் பாடத்தைப் பத்தி ஒரு புகார்கூட வரல.

யுனிவர்சிட்டி பக்கம் யார்கிட்டயாவது உங்களுக்கு பேச்சு இருந்தா ஒண்ணே ஒண்ணு வலியுறுத்துங்க. எந்தெந்த கிரெடிட் டிகிரியில சேரும்ங்கற கணக்கை டெபாசிட் கட்டுறதுக்கு முன்னாடி பிள்ளை கையில குடுக்கணும். பல இடத்துல பணம் கட்டி, ஓரியன்டேஷனும் முடிஞ்சு, செமஸ்டர் தொடங்கினதுக்கு அப்புறம்தான் அந்தத் தாள் வருது. அப்ப திரும்பிப் போக எங்க வழி.

கேள்வி: பெல் கிராண்ட் (அமெரிக்க அரசாங்க உதவித்தொகை) கம்யூனிட்டி காலேஜ்ல வந்துட்டு இருக்கு. யுனிவர்சிட்டிக்கு தானா மாறிடுமா?
– டாம்பா, ஃப்ளோரிடா

பதில்: மாறாது. உதவித்தொகைக்குப் போடுற ஃபாஃப்சா ஃபார்ம்ல புது யுனிவர்சிட்டியோட கோட் நம்பரை நீங்களே சேர்க்கணும், எங்கெங்க அப்ளை பண்றீங்களோ அத்தனையும் முன்கூட்டியே சேர்த்துடுங்க. பெல் 2025-26ல அதிகபட்சம் வருஷத்துக்கு 7,395 டாலர், வாழ்நாளுக்கு மொத்தம் 12 முழுநேர செமஸ்டர்தான். ரெண்டு வருஷப் படிப்பை முழுநேரமாவே அஞ்சு வருஷம் இழுத்தா யுனிவர்சிட்டியோட கடைசி வருஷத்துல, செலவு அதிகமா இருக்குற நேரத்துல, அது தீர்ந்துடும். ட்ரான்ஸ்ஃபர் மாணவர்களுக்குன்னு தனி ஸ்காலர்ஷிப் யுனிவர்சிட்டிங்க வெச்சிருக்கும், அதுக்கு கடைசித் தேதி அட்மிஷன் தேதிக்கு முன்னாடியே வந்துடறது உண்டு. ஃபை தீட்டா காப்பாங்கற கம்யூனிட்டி காலேஜ் சிறந்த மாணவர் சங்கத்துல சேர தகுதி இருந்தா சேர்ந்துடுங்க, அதுல உறுப்பினரா இருக்கறவங்களுக்குன்னே பல யுனிவர்சிட்டி பணம் ஒதுக்குது.

கேள்வி: கடைசி சர்டிஃபிகேட்ல கம்யூனிட்டி காலேஜ் பேரும் வருமா?
– பேர் வேண்டாம்

பதில்: பேச்சிலர்ஸ் டிகிரியில அதைக் குடுக்குற யுனிவர்சிட்டி பேர் மட்டும்தான் வரும். ட்ரான்ஸ்க்ரிப்ட்ல எங்கெங்க படிச்சீங்கன்னு இருக்கும். படிச்ச எல்லாக் காலேஜையும் அப்ளிகேஷன்ல சொல்லியே ஆகணும், ஹைஸ்கூல்ல இருக்கும்போது எடுத்த காலேஜ் பாடம், மார்க் வராம விட்ட செமஸ்டர் உட்பட. மறைச்சது பின்னாடி தெரிஞ்சா குடுத்த சீட்டையே திரும்ப எடுத்துப்பாங்க. ஏபி (ஹைஸ்கூல்லயே எழுதுற காலேஜ் லெவல் பரீட்சை) மார்க் இருந்தா அதையும் புது யுனிவர்சிட்டிக்கு நேரா மறுபடி அனுப்பணும், கம்யூனிட்டி காலேஜ் ட்ரான்ஸ்க்ரிப்ட்ல அது இருக்கேன்னு விட்டுடாதீங்க.

கேள்வி: அக்கா, நான் இந்த இலையுதிர் செமஸ்டர்தான் கம்யூனிட்டி காலேஜ்லேர்ந்து மாறி வந்தேன். அங்க எனக்கு 3.8. இங்க மிட்டெர்ம் முடிஞ்சு பாத்தா 2.6க்கு மேல வராது போல. எல்லாரும் முதல் வருஷத்துலேர்ந்து ஒண்ணா இருக்காங்க, குரூப் எல்லாம் ஏற்கெனவே போட்டாச்சு, நான் தனியா உக்காந்திருக்கேன். வீட்டுல சொல்லல. நான் இதுக்கு தகுதி இல்லையோ, திரும்பிப் போயிடலாமான்னு இருக்கு.
– பேர் வேண்டாம்

பதில்: தம்பி, உன் கடிதத்தை மூணு தடவை படிச்சேன். உனக்கு நடக்குறதுக்கு ஒரு பேரே இருக்குப்பா, ட்ரான்ஸ்ஃபர் ஷாக். 1965லயே ஒரு ஆராய்ச்சியாளர் இதைப் பத்தி எழுதிட்டார், ஜூனியர் காலேஜ்லேர்ந்து மாறி வர்றவங்களுக்கு முதல் செமஸ்டர் மார்க் இறங்குது, அப்புறம் பெரும்பாலும் மீண்டு வந்துடறாங்கன்னு. உன்னை மாதிரி 3.8, 3.9 வெச்சுட்டு போனவங்கதான் என் ஆபீஸுக்கு அக்டோபர்ல போன் பண்ணி அழுவாங்க. மார்ச்ல அதே பிள்ளைங்க போன் எடுக்கவே நேரம் இல்லாம இருப்பாங்க.

காரணத்தையும் புரிஞ்சுக்கோ. அங்க உன் கிளாஸ்ல முப்பது பேர், ப்ரொஃபசருக்கு உன் பேர் தெரியும், வாரா வாரம் ஹோம்வொர்க்குக்கு மார்க் இருக்கும். இங்க முந்நூறு பேர், ரெண்டு மிட்டெர்ம், ஒரு ஃபைனல், அவ்ளோதான் மார்க்கே. அதுவும் நீ வந்ததும் எடுத்தது எல்லாமே மேஜரோட கஷ்டமான மூணாவது வருஷப் பாடம், மத்தவங்களுக்கு இந்த இடத்துக்குப் பழக ரெண்டு வருஷம் லேசான பாடங்களோட டைம் கிடைச்சுது, உனக்கு ரெண்டு மாசம் கிடைச்சிருக்கு. தகுதி இல்லாம உனக்கு சீட் குடுக்கலப்பா, உன்னோட ரெண்டு வருஷ காலேஜ் மார்க்கைப் பாத்துத்தான் எடுத்தாங்க.

இப்ப பண்ண வேண்டியது. எந்தப் பாடம் ரொம்ப மோசமோ அந்த ப்ரொஃபசரோட ஆபீஸ் அவர்ஸுக்கு (மாணவர்களைச் சந்திக்க ஒதுக்குற நேரம்) இந்த வாரமே போ. டவுட் இல்லேன்னாலும் மிட்டெர்ம் பேப்பரை எடுத்துட்டுப் போய் "நான் ட்ரான்ஸ்ஃபர் ஸ்டூடன்ட், எங்க தப்பு பண்றேன்னு பாக்கணும்"னு சொல்லு, அந்த ஒரு வாக்கியம் போதும். அட்வைசர்கிட்ட ஒரு பாடத்தை விடலாமான்னு கேளு, ஆனா 12 யூனிட்டுக்குக் கீழ இறங்கினா உதவித்தொகை குறையலாம், அதனால முதல்ல ஃபைனான்சியல் எய்ட் ஆபீஸ்ல கேட்டுட்டு அப்புறம் விடு. அடுத்த செமஸ்டர்ல கஷ்டமான பாடம் ரெண்டு, மிச்சம் லேசானதுன்னு கலந்து எடு. நிறைய யுனிவர்சிட்டில ஒரு பொதுப் பாடத்தை மூணாவது வருஷத்துக்குன்னு மிச்சம் வெச்சிருப்பாங்க, அது இருந்தா இப்ப எடுத்துக்கோ. உன் பழைய 3.8 இங்க ஜிபிஏவுல சேராம இருக்கலாம், அதனால இந்த 2.6 பெருசா தெரியுது, நாலு பாடத்தோட கணக்குதான் அது, அடுத்த எட்டு பாடம் சேர்ந்தா நகரும்.

தனிமைக்கு, உன் கேம்பஸ்ல ட்ரான்ஸ்ஃபர் சென்டர்னு ஒரு ரூம் இருக்கான்னு பாரு, பல இடத்துல இருக்கு. அங்க போய் சும்மா உக்காந்து படி. பக்கத்துல இருக்கறவனும் யார்கிட்டயும் பேசாம உன்னை மாதிரியே உக்காந்திருப்பான். வீட்டுல அம்மாகிட்டயாவது சொல்லு, மார்க்கைச் சொல்ல வேண்டாம், "கொஞ்சம் கஷ்டமா இருக்கும்மா"ன்னு மட்டும் சொல்லு. தூக்கம் வரல, சாப்பிடப் பிடிக்கலைங்கற அளவுக்கு இருந்தா கேம்பஸ் கவுன்சலிங்ல அப்பாயின்ட்மென்ட் போடு, அதைத் தள்ளிப் போடாத.

திரும்பிப் போறதைப் பத்தி ஃபைனல் முடியற வரைக்கும் முடிவு எடுக்காத. ஆபீஸ் அவர்ஸ் போயிட்டு வந்து ப்ரொஃபசர் என்ன சொன்னார்னு எனக்கு எழுது, இந்தப் பக்கத்துல போட மாட்டேன், உனக்கு மட்டும் பதில் எழுதறேன்.